பத்து இருபத்தைந்துக்குக் காட்டிய குளம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரத் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில் சிவமணி பதினெட்டு வருடமாக இருக்கிறார். கடல் பக்கத்து ஜன்னலை அவர் திறப்பதில்லை. உப்புக் காற்று குளிர்சாதனப் பெட்டியைத் தின்கிறதாம். கடல் தெரியும் வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று எடுத்த வீடு அது. குடிவந்த முதல் வாரமே அந்தக் கடலுக்குத் தடித்த திரை ஒன்று வாங்கிப் போட்டார்.

ஐம்பத்துநான்கு வயதுப் பெண்மணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, புவியியல் படித்து, கொழும்புக்கு வந்து வரைபடம் வரைந்தவர். நீந்தத் தெரியாது. கடற்கரைக்குப் போனால் காய்ந்த மணல் எங்கே முடிகிறதோ அங்கே நின்றுவிடுவார். அலை நனைத்த மணலில் அவருடைய செருப்புப் பட்டதாகச் சாட்சி இல்லை. ஆனால் அவருடைய தொழில் தண்ணீரைக் கணக்கெடுப்பது. கொழும்பில் எந்த மூலையில் எவ்வளவு தண்ணீர் திறந்து கிடக்கிறது, போன வருடத்தைவிட அது பெருகியதா, சுருங்கியதா, எவராவது இரவோடிரவாக மண்ணைக் கொட்டி மூடினார்களா என்பதையெல்லாம் ஹெவ்லொக் டவுனில் நாலு அறைக் கந்தோர் ஒன்றில் உத்தியோகம் பார்த்தபடி, வானத்திலிருந்து செய்மதி எடுக்கும் படங்களை வைத்துச் சொல்லுவார். தண்ணீரைத் தொடாமலே தண்ணீரால் சாப்பிடும் மனிதர்.

செய்மதி ஐந்து நாளைக்கு ஒரு தடவை வரும். கொழும்புக்கு மேலால் அது போகும் நேரம் காலை பத்து இருபத்தைந்து. ஒரு நிமிடம் முன்பின்னாக இருக்கலாம். நமது ரயில்களைப் போல அல்ல. அந்த உயரத்திலிருந்து பார்க்க ஊர் முழுவதும் பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமுமான கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தண்ணீரா இல்லையா என்று கொம்பியூட்டர் தீர்மானிக்கும். அது மிகவும் கெட்டிக்காரன். ஆகையால் கெட்டிக்காரர்களுக்கே உரிய பிழைகளை விடும்.

ஒருகொடவத்தையில் குளம் ஒன்று இருப்பதாக அது ஒரு காலத்தில் அடம்பிடித்தது. உண்மையில் அங்கே இருந்தது கொண்டெய்னர்கள் நிறுத்தும் யார்ட். படம் எடுக்காமல் ரேடார் அலையை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் இன்னொரு செய்மதியும் உண்டு. வழவழப்பான இடத்திலிருந்து எதிரொலி திரும்பி வராது. உடனே அது தண்ணீர் என்று எழுதிக்கொள்ளும். யார்ட் காலியாகக் கிடந்தால் வழவழத்த கொங்கிரீட், ஆகவே குளம். கொண்டெய்னர் நிறைந்தால் குளம் வற்றிவிடும். நாட்டில் இறக்குமதி விழுந்த வருடம் அந்தக் குளம் கரை தளும்பி நின்றது. சிவமணி ஓட்டோ பிடித்துப் போய், யார்ட் வாசலில் குடையோடு நின்று பார்த்துவிட்டு வந்து, படத்திலிருந்த அந்தக் குளத்தை ஒரே நாளில் தூர்த்தார்.

அடுத்தது ஹெவ்லொக் டவுன். அங்கே பெரிய மரங்களின் இருண்ட நிழலெல்லாம் குட்டைகளாகிக் கிடந்தன. சிவமணி யோசித்து ஒரு விதி எழுதினார்: பச்சை மிகுந்த கட்டம் தண்ணீர் அல்ல. குட்டைகள் மறைந்தன. கந்தோர் கைதட்டியது.

இன்னொரு விதியும் அவர் எழுதியதுதான். வீடு கட்டி விற்கும் கனவான் ஒருவர், தம்முடைய புதுத் தொடர்மாடிக்கு முன்னால் சின்னதாக ஓர் ஏரி போட்டுத் தர முடியுமா, படத்தில் மட்டும் இருந்தால் போதும் என்று கேட்டிருந்தார். அவர் படியிறங்கிப் போன சூட்டோடு சிவமணி எழுதினார்: ஒரு கட்டத்தையும் எவரும் கையால் சேர்க்கக்கூடாது, நீக்கவும் கூடாது.

இரண்டு விதிகளும் நல்ல விதிகள். இரண்டும் சேர்ந்து என்ன செய்தன என்பது போன மாசி மாதம்தான் தெரிந்தது.

அப்போது அரச அலுவலகம் ஒன்று, கொழும்பில் மூடக்கூடாத குளம் குட்டைகளின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பட்டியலுக்கு ஆதாரம் சிவமணியின் படம். இருபத்தெட்டாம் திகதி பட்டியல் மூடப்படும். அதில் இல்லாத பள்ளத்தில் காணிக்காரர் மண்ணைக் கொட்டலாம்.

கந்தோரில் தேநீர் போட்டுக் கூட்டித் துடைப்பவர் ஆறாயி. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். இப்போது முகத்துவாரத்தில் குடியிருக்கிறார். பத்தாம் திகதி காலை சிவமணியின் மேசையில் பிளேன்ரீயை வைத்தவர், திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“மிஸ், இது எங்க பக்கந்தானே?”

“ஓம். இஞ்சை பாருங்கோ, இது களனி ஆறு. இது கடல். இந்த நடுவுக்கை உங்கடை ஒழுங்கை.”

“அப்ப எங்க குளத்த எங்க காணோம்?”

“உங்கை குளம் ஒண்டும் இல்லை, ஆறாயி.”

“இல்லியா? எங்கூட்டுக்குப் பின்னுக்கு இருக்கிறது என்னாங்க அப்ப? மழ பேஞ்சா அத்தன ஒழுங்கத் தண்ணியும் அங்கதான் போயி விழுது. அது நெறைஞ்ச பொறகுதான் எங்க கட்டிலுக்கு அடியில வருது.”

சிவமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆறாயியின் விரல் நின்ற இடத்தில் படம் கடும் பச்சையாக இருந்தது. பழைய வருடங்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எட்டு வருடத்துக்கு முன் அங்கே கரிய நீலத்தில் தண்ணீர். அடுத்த வருடம் ஓரத்தில் பச்சை. பிறகு பாதி. பிறகு முழுவதும் பச்சை.

“ஆகாயத்தாமரை மூடியிருக்கோ?”

“ஜபர செடி மிஸ். ஊதாப் பூ பூக்கும். அடியில தண்ணி கெடக்கு. போன வாரம் ஒருத்தர் வந்து சுத்தி கட்ட அடிச்சிட்டுப் போனாரு. கொண்டெய்னர் நிப்பாட்டுற எடமாக்கப் போறாங்களாம். வெறும் புல்லுத் தரதானே, லிஸ்ட்டுலயும் இல்லேங்குறாரு.”

எழுபத்திரண்டு வீட்டின் மழைத் தண்ணீர் போய் விழும் பள்ளத்தை யார் அழித்தது என்று சிவமணி தேட வேண்டியிருக்கவில்லை. பச்சை மிகுந்த கட்டம் தண்ணீர் அல்ல. கையெழுத்தும் அவருடையதே.

கந்தோருக்குப் பொறுப்பானவர் கார்த்திகன், முப்பத்தொரு வயது. எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் உடனடியாக ஒரு தீர்வு இருக்கும்.

“அக்கா, ஒரு க்ளிக். அவ்வளவுதான். குளம் இருக்குத்தானே, பொய்யில்லையே. ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும். இப்ப உமக்கும் தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப அந்தப் பச்சை ரூலை எடுத்துவிடுங்கோ.”

“எடுத்தால் ஹெவ்லொக் டவுன் முழுக்க வெள்ளம். இந்தக் கந்தோரும் தண்ணிக்கு அடியிலை.”

“ஐயோ அக்கா, அப்ப என்னதான் செய்யிறது? அந்தச் சனம் பாவமெல்லே?”

“இண்டைக்கு நான் ஒரு உண்மைக் குளத்தைக் கையாலை போட்டால், நாளைக்கு ஒருத்தர் வந்து ஒரு பொய்க் குளத்தைப் போடச் சொல்லுவார். அதுக்குப் பிறகு ஆறாயியின்ரை குளத்தையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்.” சிவமணி நாட்காட்டியை எடுத்தார். “பன்னிரண்டுக்கு அவகாசம் காணாது. பிறகு பதினேழு, இருபத்திரண்டு, இருபத்தேழு. மூண்டு தரம் வருது. ரெண்டு தரம் தண்ணியைக் கண்டால் பட்டியலிலை ஏறும்.”

“செய்மதிக்குத்தான் அது தெரியாதே, அக்கா.”

“அப்ப தெரியப் பண்ண வேணும்.”

படத்தில் ஒரு புள்ளியைத் திருத்த மறுத்த பெண்மணி, அதற்குப் பதிலாக நிலத்தைத் திருத்துவதென்று தீர்மானித்தார். இது நேர்மையா பிடிவாதமா என்று கார்த்திகனுக்குப் புரியவில்லை. அவரை அறிந்தவர்கள் பலருக்கும் புரிவதில்லை.

அடுத்த நாள் ஆறாயியோடு பஸ் ஏறி முகத்துவாரம் போனார். குளம் பச்சைப் பசேலென்று, ஊதாப் பூவோடு, விளையாட்டு மைதானம் போல விரிந்து கிடந்தது. கொக்கு ஒன்று அதன்மேல் நடந்து போனது. நடுவில் பச்சை பிளந்து, கபரகொய்யா என்னும் நீருடும்பு ஒன்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே போனது. சிவமணி கரையிலிருந்து ஆறடி பின்னால் நின்றார்.

“நான் செய்மதியாய் இருந்தாலும் தரை எண்டுதான் சொல்லியிருப்பன்,” என்றார் நியாயமாக.

ஒழுங்கை கூடிவிட்டது. கூட்டத்தில் ஸியாம் இருந்தார். கடலுக்குப் போகிறவர், குளத்தோரத்தில் வீடு, சின்னத் தோணி ஒன்றும் மலை போலப் பழைய வலையும் வைத்திருப்பவர். சிவமணி விளக்கினார்: ஒன்றோடொன்று ஒட்டிய நாலு கட்டமாவது தண்ணீராகத் தெரிய வேண்டும். கட்டங்கள் எங்கே தொடங்குகின்றன என்பது வானத்தின் இஷ்டம். ஆகையால் முப்பத்தைந்து மீற்றர் நீளம், முப்பத்தைந்து மீற்றர் அகலம், காலை பத்து இருபத்தைந்துக்குச் செடியில்லாமல் இருக்க வேண்டும்.

“அதுக்கு ஏன் மிஸ் இவ்வளவு கஷ்டம்?” என்றார் ஸியாம். “நீலப் பிளாஸ்டிக் படங்கு ஒண்ட மேலால விரிச்சிட்டா சரிதானே?”

“அது நீலத்தைத் தேடுறேல்லை, தம்பி. எங்கடை கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கு. தண்ணி அதை விழுங்கிப்போடும், படங்கு விழுங்காது. பிடிபட்டிடுவியள்.”

“அப்ப அதுக்கும் பொய் செல்ல ஏலாதா?”

“ஏலும். மரநிழலே சொல்லியிருக்கு. ஆனால் நாங்கள் சொல்லக்கூடாது.”

பதினேழாம் திகதி விடிய ஐந்தரைக்கு நாற்பது பேர் குளத்தில் இறங்கினார்கள். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அரைநாள் லீவு. ஆகாயத்தாமரை பார்ப்பதற்குப் பூ, பிடுங்கினால் கழுதைப் பாரம். ஒன்பதரைக்கு நடுக்குளத்தில் தண்ணீர் பளபளத்தது. எல்லோரும் கரையேறி வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பவுடர் போட்டு, பிள்ளைகளுக்குத் தலை வாரி இழுத்து, நல்ல உடுப்பில் வந்த சில பெண்களும் நின்றார்கள். படம் எடுப்பதாகத்தானே சொன்னார்கள்.

ஆறாயி தொலைபேசியில் இதைச் சொன்னபோது, சிவமணி ஹெவ்லொக் டவுனிலிருந்து திருத்தினார்: “ஒரு கட்டத்துக்கை நூறு பேர் நிண்டாலும் ஒருத்தரையும் தெரியாது, ஆறாயி.”

“பரவால்ல மிஸ். அழுக்கு உடுப்போட நிக்க அவங்களுக்கு மனசில்லியாம்.”

வெயில் துல்லியமாக இருந்தது. ஆனால் பத்து மணிக்குக் கடற்காற்று எழும்பியது. ஓரத்துக்குத் தள்ளிய செடியெல்லாம், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களைப் போல அமைதியாக நடுவுக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் வந்த படத்தில், பச்சைக்கு நடுவே பென்சிலால் கீறிய மாதிரி மங்கலாக ஒரு கோடு. முழுசாக ஒரு கட்டம்கூட இல்லை.

மூன்றில் ஒன்று போயிற்று. இனி வரும் இரண்டும் தவறக்கூடாது. அன்று பின்னேரம் ஆறாயி கந்தோரில் கோப்பைகளை டக்கென்று வைத்துவிட்டுப் போனார். தேநீரில் சீனி இல்லை. கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை.

வழி சொன்னவர் ஸியாம். இரவு தொலைபேசியில் வந்தார்.

“மிஸ், மீன உள்ளுக்கு புடிச்சி வெக்கிற வலைக்கு, செடிய வெளிய புடிச்சி வெக்க ஏலாதா?”

முப்பது வருடம் வரைபடத்தோடு இருந்த சிவமணிக்கு வலை என்ற பொருள் ஞாபகத்துக்கே வந்திருக்கவில்லை.

“மிதவையோடை கட்டுவியளோ?”

“மேலுக்கு மிதவ, கீழுக்கு ஈயம். நாலு மூலைக்கும் கம்பு. காத்து வந்து முட்டிட்டு நிக்கட்டும்.”

இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை. ரமழான் நோன்பு தொடங்கியிருந்தது. ஸியாம் தண்ணீர் வெந்நீர் இல்லாமல் வெயிலில் தோணியில் நின்று வலையைக் கட்டினார். கரையில் ஆறாயியும் மற்றவர்களும் அவர் பார்க்காதபடி வீட்டுக்குப் பின்னால் ஒளித்து ஒளித்துத் தேநீர் குடித்தார்கள்.

“ஏய், இங்க வந்தே குடிங்க!” என்று அவர் தோணியிலிருந்து கத்தினார். “வாசம் எப்பிடியும் வருது. ஒளிச்சிக் குடிக்கிறத பாத்தாத்தான் எனக்கு சிரிப்பு வருது, சிரிச்சா தண்ணி தவிக்கிது.”

காற்று வந்தது. செடிகள் வலையில் முட்டி நின்றன. அடுத்த நாள் படத்தில் ஒன்பது கட்டங்கள், மையைக் கொட்டியது போல. கார்த்திகன் தம் அறைக் கதவைத் திறந்து ஓவென்று கூவினார். சிவமணி, “ஒண்டு,” என்று மட்டும் சொன்னார்.

இருபத்தேழாம் திகதி சிவமணி தாமே குளத்துக்கு வந்தார். வந்ததன் காரணம் மேற்பார்வை என்றார். ஒன்பதே முக்காலுக்குக் கடல் பக்கமிருந்து முகில் ஒன்று கிளம்பியது. கொழும்பு முழுவதும் வெயில் எரிக்க, அந்த ஒற்றை முகில் பஞ்சுமூட்டை மாதிரி நேராக முகத்துவாரத்தைத் தேடி வந்தது.

“மிஸ், இத ஒண்ணும் செய்ய ஏலாதா?” என்று ஆறாயி கேட்டார், மேலதிகாரிக்குச் சொல்லி நிறுத்தலாம் என்பது போல.

“அது எங்கடை டிப்பார்ட்மென்ட் இல்லை.”

பத்து மணி பத்துக்கு, வலையின் ஒரு மூலைக் கம்பு சேற்றிலிருந்து கழன்று சாய்ந்தது. கரையோரக் கம்பு. வலை தளர, செடி உள்ளே நழுவத் தொடங்கியது. ஸியாம் தோணியோடு எதிர்மூலையில். ஆண்கள் வலையின் மறுபக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாயி முழங்காலளவு தண்ணீரில் இறங்கி ஒரு கையால் கம்பை நிமிர்த்தி, மறு கையால் வலையை எட்டினார், எட்டவில்லை.

“மிஸ்! இந்தக் கம்பப் புடிங்க!”

சிவமணி சுற்றிப் பார்த்தார். அங்கே வேறு மிஸ் இல்லை. செருப்பைக் கழற்றி, இரண்டையும் சோடியாக வைத்து, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் வரை. ஏதோ ஒன்று காலில் உரசிக்கொண்டு போனது. கண்ணை மூடிக் கம்பைக் கட்டிப்பிடித்தார்.

“மிஸ், அழுத்திப் புடிங்க!”

“பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்! இதுக்கை பாம்பு இருக்கோ?”

“இருக்கு மிஸ். ஆனா கடிக்கிற பாம்பில்ல.”

“எத்தினை மணி?”

“பத்து இருவது.”

அந்த ஐந்து நிமிடம் அவர் கண் திறக்கவில்லை. முகிலின் நிழல் குளிராக முகத்தில் ஏறியது மட்டும் தெரிந்தது. பத்து இருபத்தைந்து. பத்து முப்பது வரை, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் நின்றார்கள். பிறகு அவரைக் கரைக்குத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பயத்தில் அல்ல, சேறு காலை விடவில்லை என்பது அவருடைய விளக்கம்.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. காலையில் முதல் ஆளாகக் கந்தோருக்குப் போனார். படம் வந்திருந்தது. களனி முகத்துவாரத்தின்மேல் முகில் வெள்ளையாகக் குந்தியிருந்தது. குளத்தின் வடக்குப் பாதி அதற்குள் போய்விட்டது. தெற்குப் பாதியில் கட்டங்களை எண்ணினார். ஆறு. மறுபடியும் எண்ணினார். ஒட்டிய ஆறு கட்டம், கரிய தண்ணீர். கொம்பியூட்டரும், எவருடைய சொல்லும் இல்லாமல், அங்கே தண்ணீர் என்றது.

அவர் ஒரு கட்டத்தையும் தொடவில்லை. மூன்று மணிக்குப் பட்டியல் போயிற்று. மூடக்கூடாதவற்றில் முகத்துவாரத்துப் பள்ளமும் ஒன்று. சேதி கேட்ட ஆறாயி அன்றைக்குப் போட்ட தேநீரில் ஆளுக்கு மூன்று கரண்டி சீனி இருந்தது. கார்த்திகன் முகம் கோணாமல் குடித்தார்.

வலையை ஸியாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் தொழில் இருக்கிறது. ஒரே இரவில் செடி குளத்தை மூடிவிட்டது. சிவமணி இப்போது, தம் விதியால் பச்சையென்று தள்ளுபட்ட மற்ற இடங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் பழைய படத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நூற்றுப் பதினேழு இருக்கிறதாம். விதி பிழையென்று அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு ஓர் உபவிதி தேவை என்கிறார்.

மறு வாரம் புதன்கிழமை காலை ஆறாயி தேநீரோடு வரவில்லை, ஓடி வந்தார்.

“மிஸ், நேத்து அந்தக் கட்ட அடிச்ச யார்ட்டுக்காரரு வந்தாரு! லிஸ்ட்டோட அரசாங்க ஐயாவும் வந்தாரு. இது தண்ணி, மூட ஏலாதுன்னு அவரு சிங்களத்துல சொல்றாரு. இவருக்கு வந்திச்சே கோவம். இதுவா தண்ணி, கண்ணு தெரியலியா, மாடு மேயலாம், நான் நடந்து காட்டுறேன்னு சப்பாத்தோட எறங்கிட்டாரு.”

“பிறகு?”

“மூணு எட்டு நல்லாத்தான் வச்சாரு மிஸ்.”

“நாலாவது?”

“நாலாவது எட்டு வைக்கக் காலக் காணோமே! இடுப்பு மட்டும் உள்ளுக்கு. கையில பைல் வேற. ஸியாம்தான் வலையப் போட்டு இழுத்தாரு. ‘நோம்போட நிக்கிறன், சிரிக்க வெக்காதீங்க’ன்னு கெஞ்சிக்கிட்டே இழுக்கிறாரு. யார்ட்டுக்காரரு மூஞ்சில ஒரு ஊதாப் பூ ஒட்டியிருக்கு மிஸ், யாரும் சொல்லல்ல.”

“அரசாங்க ஐயா என்ன செய்தவர்?”

“புத்தகத்த எடுத்து எழுதினாரு. தண்ணி உண்டு, ஆழம் இடுப்பளவுன்னு. எங்க எல்லாருக்கும் வாசிச்சும் காட்டினாரு.”

கார்த்திகன் சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்துவிட்டார். சிவமணி சிரிக்கவில்லை, கவலையோடு நாட்காட்டியைப் பார்த்தார்.

“எத்தினை மணிக்கு விழுந்தவர்?”

“பத்து, பத்தரை இருக்கும் மிஸ்.”

“நேற்றே?”

“ஆமா மிஸ், நேத்து செவ்வாக்கெழம.”

“ச்சா,” என்றார் சிவமணி. “இண்டைக்கெல்லோ செய்மதி வருது.”